பேகம் விழும் காட்சி

6 பிப்ரவரி 1972, ஞாயிறு

ராயக்கோட்டைக்கு வந்து சேர்ந்தோம். பாறைக் குன்றுகளுக்கு நடுவே, ஒரு பொட்டல்வெளியில், எங்கள் படத்துக்காகப் போட்ட அமெரிக்கா நிற்கிறது. ஒரு தெரு. இரண்டு பக்கமும் பிளைவுட் வீடுகள். முன்பக்கம் மட்டும்தான் வீடு. பின்னால் போய்ப் பார்த்தால் சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். காற்று அடித்தால் வங்கி ஆடுகிறது.

நான் மூன்றாவது உதவி இயக்குநர். எனக்கு இந்த வேலை கிடைத்த விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கோடம்பாக்கத்தில் டைரக்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “கவ்பாய் படம் எத்தனை பாத்திருக்கே?” எண்ணிக்கை தெரியாது என்றேன். வேலூரில் படித்த நாட்களில் வகுப்புக்குப் போனதைவிட இங்கிலீஷ் படக் காலைக்காட்சிக்குப் போனதுதான் அதிகம். போதாததற்கு மதராஸ் வந்த பிறகு நூலகத்தில் அந்த ஊர்ச் சரித்திரம், அந்தப் படங்களை எடுத்த விதம் என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதையும் சொன்னேன். அன்றிலிருந்து யூனிட்டில் எனக்குப் பெயர் புரொபசர். கனகசபை என்ற பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை.

8 பிப்ரவரி

குதிரைகள் லாரியில் வந்தன. கிண்டியில் ரேஸ் ஓடி ஓய்ந்தவை. அவற்றோடு ரசாக் பாயும் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒடிசலான உடம்பு. சிறு வயதிலிருந்து குதிரை லாயத்திலேயே வளர்ந்தவர். ஹீரோவுக்குப் பதிலாகக் குதிரை ஓட்டப் போவது இவர்தான்.

லாரியிலிருந்து கடைசியாக இறங்கியது செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண் குதிரை. நெற்றியில் வெள்ளைக் கோடு. பலகையில் கால் வைக்கத் தயங்கியது. பாய் அதன் காதருகில் போய் என்னவோ சொன்னார். இறங்கிவிட்டது.

“என்ன பாய் சொன்னீங்க?”

“ஒண்ணுமில்ல தம்பி. மெட்ராஸ் மாதிரியேதான் கீது, வெயிலு கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்னேன்.”

அதன் பெயர் பேகம்.

11 பிப்ரவரி

இன்று டைரக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஹீரோவின் தொப்பி புத்தம் புதிதாக இருக்கிறது, அந்த ஊரில் தொப்பி வெயிலுக்கும் புழுதிக்கும்தான், குதிரைக்குத் தண்ணீர்கூட அதில்தான் காட்டுவார்கள், அழுக்காக இருக்க வேண்டும் என்றேன். அப்புறம், பல ஊர்களில் துப்பாக்கியை ஊர் எல்லையிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று சட்டம் இருந்தது என்றேன். மாடு ஓட்டியவர்களில் கறுப்பர்களும் மெக்சிகோக்காரர்களும் நிறைய இருந்தார்கள் என்பது வரைக்கும் போனேன்.

டைரக்டர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். “யோவ் புரொபசர், துப்பாக்கிய எல்லையிலயே குடுத்துட்டா நான் என்னத்தப் படம் எடுக்கறது? போய் லைட்பாய் சாப்ட்டானான்னு பாரு.”

வேலிக்கு அந்தப் பக்கம் சுற்று வட்டாரக் கிராமத்து ஜனங்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். களை எடுக்கப் போகிறவர்கள்கூட. அவர்களுக்கு இது எந்த தேசம் என்ற கவலையே இல்லை. ஒரு அம்மாள் என்னைக் கூப்பிட்டு, “ஏம்ப்பா, இந்தக் குதிரைக்காரங்க வந்ததுல இருந்து பாக்கறேன், யாருக்கும் பொண்டாட்டி புள்ள கெடையாதா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அதான் இப்பிடி சுத்தறானுங்க” என்றாள்.

சாயங்காலம் பேகத்துக்கு உடம்பு தேய்த்துக்கொண்டே பாய் கேட்டார். “நெஜமாலுமே அப்டி ஆளுங்க இருந்தாங்களா தம்பி?”

இருந்தார்கள், ஆனால் பெரும்பாலும் கூலிக்கு மாடு ஓட்டியவர்கள்தான் என்றேன். மாதக்கணக்கில் மாட்டு மந்தையின் பின்னால் புழுதி தின்றுகொண்டு போவார்கள். குண்டடி பட்டுச் செத்தவர்களைவிட ஆற்றில் மூழ்கியும் குதிரையிலிருந்து விழுந்தும் பேதியிலும் செத்தவர்கள் அதிகம்.

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். “மாட்டுக்காரப் பசங்களா! அதுக்கா நான் வேலய கட் அடிச்சிட்டு கேலரில உக்காந்து பாத்தேன்!” பிறகு தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “அப்பறம் இன்னாத்துக்கு நம்மளுக்கு அவ்ளோ புடிக்குது?”

இத்தனை படித்திருக்கிறேன். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. பாயே சொன்னார். “அவன் கெளம்பறான் பாரு, எவனும் எங்க போறேன்னு கேக்க மாட்டான். எப்ப வருவேன்னும் கேக்க மாட்டான். அதான்.”

14 பிப்ரவரி

புழுதி. மதியச் சாப்பாட்டில் புழுதி. இந்தப் பேனாவிலும் புழுதி.

17 பிப்ரவரி, வியாழன்

படத்தின் உச்சக்கட்டத்துக்கு முன்னால் ஒரு காட்சி. ஹீரோ குதிரையில் பறந்து வருகிறான். வில்லன் சுடுகிறான். குதிரை விழுகிறது. பாய் இதற்காகவே பேகத்தைப் பழக்கியிருக்கிறார். கடிவாளத்தை ஒரு பக்கமாக இழுத்தால் முன்னங்காலை மடக்கி, பக்கவாட்டில் சாயும். மணல் கொட்டி வைத்திருந்த இடத்தில் சரியாகச் சாய்ந்தது. யூனிட்டே கைதட்டியது.

டைரக்டர் தட்டவில்லை. “படுக்குதுய்யா அது. விழல. மாடு அசை போடப் படுக்கற மாதிரி இருக்கு. இங்கிலீஷ் படத்துல குதிரை தலைகுப்புறப் புரளுதே, அது எப்படி?”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். வந்ததிலிருந்து நான் சொன்ன எதையும் கேட்காத டைரக்டர், முதல் தடவையாக என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னேன். குதிரையின் முன்னங்கால்கள் இரண்டிலும் தோல் பட்டை கட்டி, மெல்லிய எஃகுக் கம்பியை மாட்டி, கம்பியின் மறுமுனையை மண்ணில் புதைத்த கட்டையில் கட்டிவிடுவார்கள். குதிரை முழு வேகத்தில் ஓடும். கம்பி தீர்ந்ததும் கால் இரண்டும் பின்னால் இழுபடும். அவ்வளவுதான்.

“தரையில புதைச்சிட்டா கேமராவுக்குக் கம்பி தெரியாது, இல்லே?”

“தெரியாது சார்.”

என் தோளில் கை போட்டார். “நாளைலேர்ந்து நீ என் பக்கத்துலயே நில்லு.”

தகவலாகத்தான் சொன்னேன். செய்யச் சொல்லவில்லை.

18 பிப்ரவரி

ஸ்டண்ட் மாஸ்டர் கிருஷ்ணகிரிக்கு ஆள் அனுப்பிக் கம்பி வாங்கி வந்துவிட்டார். பாய் அதை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார். முகம் நன்றாக இல்லை. நேராக என்னிடம் வந்தார்.

“தம்பி, நீ படிச்ச ஆளு. உன்ன கேக்கறேன். அந்தப் படத்துலல்லாம் விழுந்துச்சே குதிர, அப்பறம் எந்திரிச்சிச்சா?”

டைரக்டர் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

“எந்திரிச்சிடும் பாய். மண்ணை நல்லாக் கொத்திப் போட்டு, மேல மணலும் கொட்டிடறோம்.”

“எந்திரிச்சிதுன்னா சரி” என்றார்.

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

19 பிப்ரவரி, சனி

எழுத முடியவில்லை.

20 பிப்ரவரி, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இன்று விட்டால் பிறகு எழுத மாட்டேன்.

நேற்றுக் காலை வெயில் ஏறியதும் ஷாட் வைத்தார்கள். கேமரா இரண்டு. நான் டைரக்டர் பக்கத்தில் நின்றேன். தூரத்தில் பாறை இடுக்கிலிருந்து பேகம் கிளம்பியது. நான் எத்தனையோ படத்தில் எத்தனையோ குதிரை ஓடிப் பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்ததில்லை. பாய் அதன் கழுத்தோடு படுத்துக் கிடந்தார். இரண்டு உடம்பு என்றே தெரியவில்லை. வேலியோரம் இருந்த ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்தச் சில நொடிகள் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது என்பதையும் எழுதத்தான் வேண்டும். கம்பிகூட மறந்துவிட்டது.

பிறகு முன்னங்கால்கள் இல்லாமல் போனதுபோல் பேகம் தலைகுப்புற மடங்கியது. பின்பக்கம் வானத்தில் எழும்பிப் புரண்டது. பாய் அதற்கு அடியில் போனார். புழுதி.

“கட்” என்ற டைரக்டர், அதே மூச்சில் “பிரமாதம்” என்றார். நான் கேட்டேன்.

ஓடினோம். பாயின் இடது தொடை முறிந்திருந்தது. துணிக்கு மேலேயே தெரிந்தது. பேகத்துக்கு முன்னங்கால் இரண்டும் போய்விட்டன. எழுந்திருக்கப் பார்த்தது. உடைந்த கால்களை ஊன்றி எழுந்தது, விழுந்தது. மறுபடியும் எழப் பார்த்தது. பாய் இருந்த இடத்திலிருந்தே கத்தினார். “யாராச்சும் தலைய அமுக்கிப் புடிங்கடா! எந்திரிக்க வுடாதீங்க! எந்திரிக்க வுடாதீங்க!”

வேனைக் கொண்டுவந்தார்கள். பாய் ஏற மறுத்துவிட்டார். “அத முடிங்க. அப்பறம் வரேன். இப்டி வுட்டுட்டு நான் வர மாட்டேன்.”

அப்போதுதான் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தத் தெருவில் இருந்த ஒவ்வொருவன் இடுப்பிலும் துப்பாக்கி இருந்தது. அத்தனையும் மரமும் தகரமும். ஒரு குதிரையைக் கொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்தான் சொன்னார்கள், மலையடிவாரத்தில் முனிரத்தினம் என்பவரின் தோட்டத்தில் பன்றி விரட்டுவதற்கு லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறதென்று. நான் ஓடினேன். வேறு யாரையும் போக விடவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு, ஒன்றும் கேட்காமல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு என்னோடு நடந்தார்.

நாங்கள் வந்தபோது பாயை இழுத்துவந்து பேகத்தின் தலைமாட்டில் கிடத்தியிருந்தார்கள். அவர்தான் அப்படிக் கேட்டாராம். அதன் கண்ணைத் துண்டால் மூடியிருந்தார். காதில் பேசிக்கொண்டே இருந்தார். முனிரத்தினம் பாயைத் தள்ளிப் படுக்கச் சொன்னார். பாய் கையை மட்டும் எடுக்கவில்லை.

ஒரே சத்தம். படங்களில் வருவதுபோல் இல்லை. சின்ன, வறண்ட சத்தம்.

முனிரத்தினம் போகும்போது அந்தத் தெருவை ஒரு தடவை இப்படியும் அப்படியும் பார்த்தார். “இதுக்கா?” என்று என்னைக் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை.

வேனில் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு கிருஷ்ணகிரி வரை போனேன்.  

நூலகத்தில் படித்த புத்தகத்தில் கம்பியைப் பற்றிய பக்கத்துக்கு அடுத்த பக்கம் ஒன்று உண்டு. அப்படி விழுந்த குதிரைகள் பல செத்ததால் அங்கே கூச்சல் கிளம்பி, ரொம்ப வருஷத்துக்கு முன்னாலேயே அந்த முறையைக் கைவிடச் செய்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தையும் நான் படித்திருந்தேன்.

23 பிப்ரவரி

“விழுந்த குதிரை எந்திரிக்கணும்யா” என்றார் டைரக்டர். “பொம்பளைங்க, குழந்தைங்க பாக்கற படம். செத்துப் போச்சுன்னு தெரிஞ்சா கண்ணத் தொடச்சிக்கிட்டு வெளிய போயிடுவாங்க.”

இருந்ததில் செம்பழுப்பாக ஒரு குதிரையைப் பிடித்து, நெற்றியில் சுண்ணாம்புப் பவுடரால் கோடு போட்டோம். படுக்க வைத்து எழுப்பினோம். ஹீரோ தாவி ஏறினார். ஒரே டேக்.

கோடு போட்டது நான்.

2 மார்ச், மதராஸ்

படப்பிடிப்பு முடிந்து திரும்பியதும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாயை இங்கே மாற்றியிருக்கிறார்கள். காலைத் தூக்கிக் கட்டி, மணல் மூட்டை தொங்கவிட்டிருக்கிறார்கள். தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சபியா ஸ்டூலிலிருந்து எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

“நீதானா தம்பி அந்தப் புரொபசரு? வண்டில கைய வுடாம புடிச்சிக்கினு வந்தியாமே. உன்ன அல்லா நல்லா வெச்சிருக்கட்டும்” என்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

கொண்டுபோன சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

9 மார்ச்

இன்று சொல்லிவிட்டேன். சபியா வீட்டுக்குப் போயிருந்த நேரம். அடுத்த பக்கம் இருந்தது, படித்திருந்தேன், டைரக்டர் பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்திருக்கும் என்று சொன்னேன். எல்லாவற்றையும்.

 பாய் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கம்பிய கைல புடிச்சப்பவே தெரிஞ்சிச்சு தம்பி. நாலு வயசுலேர்ந்து குதிரைங்க கூட கீறவன், கால இழுத்தா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா? நீ சொல்லித்தான் தெரியணுமா? எந்திரிக்கும்னு எவனாச்சும் ஒருத்தன் சொல்லணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் உன்னாண்ட வந்தேன்.”

“ஏன் பாய்?”

“அந்த மாறி வுழுந்து காட்டணும்னு எனக்கும் இருந்துச்சுப்பா. கேலரில உக்காந்து பாத்த நாள்லேர்ந்து. இத்தினி வருசமா ஈரோவுக்கு ஓட்டறேன், ஒரு தபாவாச்சும் தேட்டர்ல ஜனம் எந்திரிச்சி நிக்கற மாறி. பேகத்துக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஓடுன்னேன். ஓடிச்சு.”

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இருந்தேன். 

21 ஏப்ரல்

எடிட்டிங் அறையில் அந்தக் காட்சியை ஓட்டினார்கள். விழுகிறது. வெட்டு. எழுகிறது. ஒட்டு இருப்பதே தெரியவில்லை. விநியோகஸ்தர் ஒருவர் நாற்காலியில் தட்டினார். “இங்கிலீஷ் படம் மாதிரியே இருக்கு சார்.” டைரக்டர் என்னைக் காட்டி, “எல்லாம் இவன் மூளை” என்றார். அடுத்த படத்தில் நான் இரண்டாவது உதவி.

வேண்டாம் என்று சொல்லவில்லை.

14 ஜூலை, வெள்ளி

படம் வெளியானது. நான் போகவில்லை.

16 ஜூலை

எங்கே போனாலும் அந்தக் குதிரையைப் பற்றித்தான் பேச்சு. டீக்கடையில் ஒருவன் மேஜைமேல் டம்ளரை ஓடவிட்டு, கவிழ்த்துக் காட்டினான். அது எப்படி எடுத்திருப்பார்கள் என்று இன்னொருவன் கேட்டான். “எல்லாம் டிரிக் ஷாட்டு. நெஜமாவா விழ வைப்பாங்க?” என்றான் முதலாமவன். நான் டீக்குச் சில்லறை வைத்துவிட்டு வந்தேன்.

வேளச்சேரியில் பாய் வீட்டுக்குப் போனேன். ஊன்றுகோலோடு நடக்கிறார். இடது கால் குட்டையாகிவிட்டது. இனிமேல் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். லாயத்தில் தீனி பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். சபியா சேமியா கொடுத்தார்.

“என்ன கூட்டிக்கினு போறியா?” என்றார் பாய்.

“எங்க பாய்?”

“படத்துக்குத்தான்.”

சபியா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். 

18 ஜூலை, செவ்வாய்

பகல் காட்சி. வாரநாள் என்று பார்த்தால் இன்றும் கூட்டம். பாய்க்குக் காலை நீட்ட வசதியாக ஓரத்து இருக்கை. பாட்டுக்கெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிளைவுட் தெரு வந்தது. திரையில் அது ஊர் மாதிரியேதான் இருந்தது. பின்னால் சவுக்குக் கட்டை இருப்பது தெரிந்த எனக்கே நம்பத் தோன்றியது. எவ்வளவு பொய் என்று தெரிந்தாலும் அந்தப் பொட்டலும் அந்த வானமும் என்னை இழுத்தன. அதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

பாறை இடுக்கிலிருந்து பேகம் கிளம்பியது. பாய் கண்ணைத் திறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். 

விழுந்தது. கொட்டகை இடிந்து விழுவதுபோல் சத்தம். முன்வரிசைப் பையன்கள் இருக்கைமேல் ஏறி நின்று விசிலடித்தார்கள். ஜனம் எழுந்து நின்றது. நான் பாயைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. என் காதருகே அவர் குரல் மட்டும் கேட்டது. யாரிடம் சொன்னாரோ தெரியாது. “எந்திரிக்காத. எந்திரிக்காதம்மா.”

திரையில் குதிரை எழுந்தது. ஹீரோ தாவி ஏறினார். மறுபடியும் விசில்.

“அது பேகம் இல்ல” என்றார் பாய். எனக்குத் தெரியுமென்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னார். “காது வேற.”

படம் முடியும்வரை இருந்தோம். வெளியே வெயிலில் கண் கூசியது. அடுத்த காட்சிக்கு வரிசை வளைந்து தெருமுனை வரை நின்றது. ரிக்ஷா பிடிக்கப் போனேன். பாய் நகரவில்லை. வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இன்னொரு தபா பாக்கலாமா?”

 “எதுக்கு பாய், வேணாமே.”

“அந்தப் பாறையாண்டேர்ந்து வருது பாரு. நான் மேல உக்காந்திருந்தேன், எனக்கு அது ஓடறது தெரியல. இன்னிக்குத்தான் பாத்தேன்.” என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். “அது வரைக்கும் பாத்துட்டு வந்துடலாம்.”

19 ஜூலை

இன்றும் போனோம். பேகம் ஓடி முடிக்கும்வரை இருந்தோம். கம்பி தீரும் இடம் எனக்குத் தெரியும். அதற்குச் சற்று முன்பே பாயின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். கதவைத் தாண்டி வராந்தாவுக்கு வந்தபோது உள்ளே எல்லோரும் எழுந்து கைதட்டுவது கேட்டது. பாய் நிற்கவில்லை. படியில் ஊன்றுகோலை வைத்து, ஒவ்வொன்றாக இறங்கினார்.